மரப்பாலத்திற்கு இப்பாலும் அப்பாலும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கே டென்னசி, வடகரோலினா என்னும் இரு மாநிலங்கள் உள. அவற்றின் எல்லைக்கோடு ஒரு நீண்ட மலைமுகட்டின் மீது செல்கிறது. அம்மலைக்கு ‘கிரேட் ஸ்மோக்கி’, அதாவது பெரும் புகைமலை என்று பெயர். எரிமலையோ என்று வாசகர்கள் ஐயுற வேண்டாம். கோடிக்கணக்கான மரங்களின் இலைகள் வெளியிடும் ஆவியும், மலையில் தங்கும் ஈரமும் சேர்ந்து நீலநிறப் பனிமூட்டமாய்ப் பள்ளத்தாக்குகளில் நிற்கும். அதுவே இந்தப் ‘புகை’. காட்டின் மூச்சே மலைக்குப் பெயராயிற்று எனலாம்.

இது செரோக்கி மக்களின் தாயகம். 1838-இல் அவர்களுள் பெரும்பாலோர் படைபலத்தால் மேற்குத் திசைக்கு விரட்டப்பட்டனர். மலைகளில் நிலைத்து நின்ற சிலரின் வழிமரபினர் இன்றும் வடகரோலினாப் பக்கத்தில் வாழ்கின்றனர். 1934-இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக நிறுவப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 2,100 சதுர கிலோமீட்டர். 1983-இல் இதனை உலகப் பாரம்பரிய இடமாக யுனெஸ்கோ அறிவித்தது.

அந்த அறிவிப்புக்குக் காரணமானவை இங்குள்ள செடிகொடிகளே. இயற்கையாக வளரும் மரங்கள் மட்டும் 100 இனங்களுக்கு மேல். பூக்கும் தாவரங்கள் 1,500 இனங்களுக்கு மேல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையை அறிந்தவர்களுக்கு இது பெரிய தொகையாகத் தோன்றாது. ஆயின் இது வெப்ப நாட்டுக் காடன்று. ஆண்டில் ஏறத்தாழ பாதிக்காலம் இலையுதிர்ந்து நின்று, பனியில் நனைந்து, பின் துளிர்க்கும் மிதவெப்ப நாட்டுக் காடு. அத்தகைய காடுகளை எடுத்துக்கொண்டு 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, கிழக்காசியாவில் 729 மர இனங்களும், வட அமெரிக்காவின் கிழக்கில் 253 இனங்களும், ஐரோப்பாவில் 124 இனங்களும் இருப்பதாகக் கணக்கிட்டது. வெயிலும் மழையும் குளிரும் ஏறத்தாழ ஒத்திருக்க, எண்ணிக்கையில் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு?

விடையைத் தேட வெகுதூரம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் மேற்பாதியைப் பெரும் பனிப்படலம் மூடியிருந்தது. அது புகைமலையை எட்டவில்லை. பல நூறு கிலோமீட்டர் வடக்கிலேயே நின்றுவிட்டது. இம்மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. குளிர் கூடக்கூட, வடநாட்டு மரங்கள் தலைமுறை தலைமுறையாய் விதை பரப்பித் தெற்கே இறங்கின. மலை அவற்றின் வழியை மறிக்கவில்லை. ஐரோப்பாவிலோ ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள் கிழக்கு மேற்காய்ச் சுவர் எழுப்பி நிற்கின்றன. அவற்றுக்கும் தெற்கே கடல். தெற்கே ஓட வழியின்றிப் பல இனங்கள் அங்கேயே மாண்டன. மக்னோலியா, துலிப் மரம், ஹெம்லாக், ஹிக்கரி ஆகியவை பண்டை ஐரோப்பாவில் செழித்திருந்தன என்பதற்குப் புதைபடிவங்கள் சான்று. இன்று அவை அங்கு வளர்வது மனிதர் கொண்டுபோய் நட்ட தோட்டங்களில்தான்.

புகைமலைக் காட்டின் நெருங்கிய உறவினர் ஐரோப்பாவில் இல்லை. சீனத்திலும் ஜப்பானிலும் இருக்கின்றனர். துலிப் மர இனங்கள் உலகில் இரண்டே இரண்டு. ஒன்று இங்கே, மற்றொன்று சீனத்தில். இந்த விந்தையை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் ஏசா கிரே 1859-இல் விளக்கினார். முற்காலத்தில் வடதிசை நிலங்களைச் சுற்றிப் பரவியிருந்த காடு, பின்வந்த குளிரால் துண்டுபட்டு இரு கரைகளில் எஞ்சியது என்பது அவர் கருத்து.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்த உறவைத் தொட்டறிந்தவர்கள் இரண்டு சேசு சபைக் குருக்கள் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. சீனப் பேரரசருக்காக நிலப்படம் வரைந்த ஜார்த்தூ சுவாமி, 1711-இல் எழுதிய கடிதத்தில் ஜின்செங் என்னும் மருந்துவேரை விவரித்தார். மலையும் காடும் அதுபோன்றே உள்ள கனடாவிலும் அது கிடைக்கக்கூடும் என்று குறிப்பிட்டார். அக்கடிதம் கனடாவில் மறைபரப்பிய லாஃபித்தோ சுவாமியின் கைக்குக் கிட்டியது. மோஹாக் மக்களிடையே வாழ்ந்த அவர், மொன்றியால் அருகே தேடி, 1716-இல் அந்தச் செடியைக் கண்டுபிடித்தார். ஒரு பெருங்கடலுக்கு அப்பாலிருந்து, காட்டின் தன்மையை மட்டும் வைத்துச் செடியை முன்னுரைத்தது சிறிய செய்தியா? அந்த ஜின்செங் புகைமலையின் நிழலிலும் வளர்கிறது. அதைப் பற்றிப் பின்னர்.

பழைய வரலாறு ஒரு மலைக்கு இனங்களின் பட்டியலைத் தருகிறது. அப்பட்டியலில் எது எங்கே நிற்கும் என்பதைச் சரிவும் நீரும் மண்ணும் முடிவு செய்கின்றன. இதை அறிய கேட்லின்பர்க் ஊரிலிருந்து நியூஃபவுண்ட் கணவாய்க்கு ஏறும் சாலையில் ஒருமுறை செல்வது போதும். பூங்காவின் தாழ்ந்த இடம் 875 அடி. உயர்ந்த சிகரம் 6,643 அடி. அடிவாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 55 அங்குல மழை. சில சிகரங்களில் 85 அங்குலம். நான் சென்றது ஏப்ரல் நடுப்பகுதி. கீழே மரங்கள் இளம்பச்சையாய்த் துளிர்த்திருந்தன. பாதி வழியில் மொட்டுகள் இன்னும் விரியவில்லை. கணவாயில் குளிர்காற்று காதைக் கடிக்க, கரும்பச்சை நிறத்து ஸ்புரூஸ் மரங்கள் கனடா நாட்டுக் காடுபோல் நின்றன. வடக்கே நெடுந்தொலைவு பயணம் செய்து காண வேண்டியதை ஒரு மணி நேரத்திற்குள் கண்டுவிடலாம். (உயர்ந்த சிகரத்துக்கு நெடுங்காலம் ‘கிளிங்மன்ஸ் டோம்’ என்ற பெயர் வழங்கிற்று. 2024-இல் ‘குவோஹி’ என்னும் செரோக்கிப் பெயர் அதற்கு மீட்டளிக்கப்பட்டது. ‘முசுக்கட்டை மரமுள்ள இடம்’ என்று பொருளாம். ஒரு மலைக்கு ஆளின் பெயரைவிட மரத்தின் பெயர் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.)

உயரம் மட்டுமன்று, திசையும் பேசுகிறது. மலை மடிப்புகளுக்குள் குழிந்து கிடக்கும் ஈரமான பள்ளங்களை அங்குள்ளோர் ‘கோவ்’ என்பர். மேலிருந்து வழியும் நீரும் மட்கிய சருகும் அங்கே வந்து சேர்வதால் மண் கறுத்து ஆழமாய் இருக்கும். துலிப் மரம், சர்க்கரை மேப்பிள், பாஸ்வுட், பக்கை, பீச், ஹெம்லாக் என்று பத்துப் பன்னிரண்டு வகை மரங்கள் கலந்து நிற்க, எது தலைமை மரம் என்று சொல்லவே இயலாது. அங்கிருந்து வெயில் படும் தென்சரிவு வழியே முகட்டுக்கு ஏறினால், சிறிது நேரத்திலேயே மண் வறண்டு புளிப்பேறி, ஓக் மரங்களும் பைன் மரங்களுமே எஞ்சுகின்றன. ஓடையோரங்களில் ரோடோடென்ரன் புதர்கள் சுவர்போல் மண்டிய இடத்தில் தரையில் ஒரு பூச்செடி இராது, அத்தனை இருட்டு. நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செந்நிறமாய்ப் பூக்கும் ரோடோடென்ரனுக்கு இது உறவுதான்.

இந்த மலையை அளந்து படித்தவர் ராபர்ட் விட்டேக்கர். அவருடைய ஆய்வு 1956-இல் வெளிவந்தது. அதற்கு முன் அறிஞர் பலர், காடு ஓர் உடல் போன்றது, அதன் மரங்கள் கூட்டமாகவே வாழும், கூட்டமாகவே முடியும் என்று கருதி வந்தனர். விட்டேக்கர் பள்ளத்திலிருந்து முகடு வரையிலும் அடியிலிருந்து உச்சி வரையிலும் எண்ணிப் பார்த்து, ஒவ்வோர் இனமும் தன் போக்கில் தோன்றி, மிகுந்து, மெல்லக் குறைந்து மறைகிறது எனக் காட்டினார். பின்னர் 1960-இல் வேறொரு மலையைப் பற்றி எழுதும்போது, பன்மையை மூவகையாக அளக்கும் முறையையும் அவர் வகுத்தார். கிரேக்க எழுத்துகளால் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயரிட்டார்.

பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு மறைமாவட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பங்கில் எத்தனை வகைத் தொழில் செய்வோர் இருக்கின்றனர் என்பது ஆல்ஃபா. கடற்கரைப் பங்குக்கும் வயற்புறப் பங்குக்கும் மலைப் பங்குக்கும் அவ்வகையில் எவ்வளவு வேற்றுமை என்பது பீட்டா. மறைமாவட்டம் முழுவதற்குமான தொகை காமா. பங்குகள் அனைத்தும் ஒரே அச்சாய் இருந்தால், ஒவ்வொரு பங்கும் எவ்வளவு வளமானதாயினும் மொத்தத் தொகை உயராது. புகைமலையின் செல்வம் பெரிதும் இந்த இரண்டாம் அளவில்தான் இருக்கிறது. உச்சியில் மர இனங்கள் சிலவே. ஆனால் அவை கீழே காணக் கிடைக்காதவை.

இதுவரை சொன்னவற்றோடு முடிந்துவிட்டால் கதை எளிது. மறுநாள் கிரீன்பிரையர் பள்ளத்தாக்கில் போர்ட்டர்ஸ் ஓடைப் பாதையில் நடந்தபோதுதான் மூன்றாவது கை ஒன்றும் இங்கு வேலை செய்திருப்பது தெரிந்தது.

பாதையின் முதல் மைல் பழைய வண்டித்தடம். இருபுறமும் பாசி படர்ந்த கற்சுவர்கள். படியேறினால் சிறு கல்லறைத் தோட்டம் ஒன்று. பூங்கா அமைவதற்கு முன் இங்கே குடியானவர்கள் வாழ்ந்தனர், சோளம் விதைத்தனர். பூங்காவுக்காக 1,200-க்கும் மேற்பட்ட நில உடைமையாளர்கள் வெளியேற நேர்ந்தது. அவர்கள் உழுத வயல்களில் இன்று ஓங்கி உயர்ந்த காடு. துலிப் மரங்கள் கம்பம் நட்டாற்போல் நேராய், நெருக்கமாய், ஒத்த வயதினவாய் நிற்கின்றன. அண்ணாந்து பார்ப்பவன் இங்கு என்றாவது ஏர் ஓடியது என்று நம்பமாட்டான். ஆனால் குனிந்து பார்த்தால் சருகு. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில செடிகள்.

ஒன்றரை மைல் கடந்ததும் ஓடையின்மேல் ஒரே மரத்தைச் செதுக்கிப் போட்ட ஒடுங்கிய பாலம். ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி. என் வயதினர் நிதானமாய்க் கடக்க வேண்டியது. கடந்து ஒரு திருப்பம் திரும்பியவுடன் நின்றுவிட்டேன். பனி பெய்தது போல் தரை முழுவதும் வெள்ளை. ஃபசீலியா என்னும் சிறு பூ, ஓரம் கிழித்த காகிதத் துண்டு போன்ற இதழ்களோடு இலட்சக்கணக்கில் மலர்ந்திருந்தது. அதனிடையே டிரில்லியம். இலை மூன்று, புல்லிதழ் மூன்று, அல்லிதழ் மூன்று; லத்தீன் கற்றவர்க்குப் பெயரிலேயே பொருள் விளங்கும். தமத்திரித்துவ ஞாயிறுப் பிரசங்கத்துக்கு உவமை தேடும் குருக்கள் குறித்துக்கொள்ளலாம்.

இப்பூக்களுக்கு அவசரம் மிகுதி. மேலே மரங்கள் இலைவிடும் முன், சில வாரங்களே தரையில் வெயில் விழும். அதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து, பல இனங்கள் மண்ணுக்குள் அடங்கிவிடும். இவற்றைக் காண்பதற்கென்றே 1951 முதல் கேட்லின்பர்க்கில் ஒரு கூடுகை நடந்து வருகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் வசந்த காட்டுமலர் ‘யாத்திரை’.

பாலத்துக்கு இப்புறம் இல்லாத மலர் அப்புறம் மட்டும் ஏன்? அங்கே பள்ளத்தாக்கு குறுகி நிழலும் ஈரமும் கூடுவது ஒரு காரணம். குடியானவன் உழுவதற்குச் சமநிலத்தையே தேர்ந்தான், செங்குத்தான இடத்தைக் காட்டுக்கே விட்டான் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே முழுப் பழியையும் ஏரின்மேல் சுமத்த இயலாது. ஆயினும் ஏருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பழங்காட்டில் முதிர்ந்த மரம் வேரோடு சாயும்போது ஒரு குழியும், அதன் அருகே ஒரு மேடும் உண்டாகும். சாய்ந்த மரத்தின் வெற்றிடத்தில் வெளிச்சம் விழும். மேடு ஒரு செடிக்கு, குழி வேறொன்றுக்கு, மட்கும் கட்டை இன்னொன்றுக்கு இடம் தரும். ஏர் இவை அனைத்தையும் சமன் செய்து, மண்ணுக்குள் உறங்கிய கிழங்குகளையும் அழித்துவிடுகிறது.

மரங்கள் திரும்பி வருவது எளிது. துலிப் மரத்தின் விதைக்கு இறகு உண்டு. காற்று தூக்கிச் செல்லும். டிரில்லியத்துக்கோ எறும்புதான் வாகனம். விதையின் ஓரத்தில் கொழுப்புச் சத்துள்ள சிறு சதை ஒட்டியிருக்கும். அதை விரும்பி எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைத் தின்றபின் விதையைக் குப்பையில் எறிந்துவிடும். அக்குப்பையே நல்ல நாற்றங்கால். ஆனால் ஒரு பயணத்தின் தூரம் பெரும்பாலும் சில அடிகளே. முளைத்த செடி முதற்பூ பூக்க ஏழு ஆண்டுகள் வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகும். எப்போதாவது மான் தின்று தொலைவில் சாணத்தோடு இடும். எறும்பை மட்டுமே நம்பினால், நூறு ஆண்டில் ஒரு வயலைக் கடப்பதே அரிது. போர்ட்டர்ஸ் ஓடை வயல்கள் கைவிடப்பட்டு இன்னும் நூறு ஆண்டுகள் ஆகவில்லை.

உழாமல் மரத்தை மட்டும் வெட்டிய இடங்களின் நிலை என்ன? பூங்கா வருமுன் மரக் கம்பெனிகள் இம்மலையின் பெரும்பகுதியை வெட்டிவிட்டன. 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, தென் அப்பலாச்சிய மலைகளில் 45 முதல் 87 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட காடுகளைப் பழங்காடுகளோடு ஒப்பிட்டது. தரைச் செடிகள் பரப்பிலும் இன எண்ணிக்கையிலும் பழைய நிலையை எட்டவில்லை, எட்டுவதற்கான அறிகுறியும் இல்லை என்றது. உடனே மறுப்புகள் எழுந்தன. ஒப்பிட்ட இடங்கள் மண்ணாலும் ஈரத்தாலும் ஒத்தவைதாமா என்று சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானது. எனினும், பச்சைப் பசேல் என்று தெரிவதைக் கொண்டு காடு முழுமையாய் மீண்டுவிட்டது என்று முடிவு கட்டும் வழக்கத்தை இவ்வாய்வு அசைத்துவிட்டது. அதுவே அதன் பெரும் பயன் என்பேன்.

மனிதர் கை எப்போதும் குறைக்கத்தான் செய்யும் என்பதும் இல்லை. பிரான்சு நாட்டின் லொரேன் பகுதியில் ஒரு காடு. அதற்குள் உரோமைப் பேரரசின் காலத்துப் பண்ணைகளின் இடிபாடுகள் கிடக்கின்றன. முதல் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் உழுது கைவிடப்பட்டவை. 2002-இல் வெளியான ஆய்வின்படி, அப்பண்ணைகளை நெருங்க நெருங்கத் தாவர இனங்கள் மிகுகின்றன. சத்து நிறைந்த மண்ணை விரும்பும் செடிகள் அங்கே குவிகின்றன. அந்த உழவர்கள் இட்ட எரு பதினேழு பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்தும் மண்ணை விட்டு அகலவில்லை! பன்மை கூடியது உண்மையே. ஆனால் அது பழைய காட்டின் பன்மையன்று. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இவ்விடத்தில் ஏமாறுவார்.

புகைமலைக்கு வேறு பகைகளும் உண்டு. கிழக்காசியாவோடுள்ள பழைய உறவே இங்கு வினையாயிற்று. ஆசியச் செஸ்ட்நட் மரங்களோடு வந்த பூஞ்சை ஒன்று 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. தன் நாட்டில் அது பெருங்கேடு செய்வதில்லை. அங்குள்ள மரங்கள் அதனோடு வாழப் பழகியவை. அமெரிக்கச் செஸ்ட்நட் அதை அறியாது. 1940-களுக்குள் இம்மலையின் பெருமரங்கள் ஏறக்குறைய எல்லாம் பட்டுப்போயின. வேர்கள் இன்றும் துளிர்க்கின்றன. துளிர் சற்றுத் தடித்ததும் நோய் மீண்டும் தாக்குகிறது. ஹெம்லாக் மரத்தின் சாற்றை உறிஞ்சும், அசுவினி போன்ற பூச்சியும் ஜப்பானிலிருந்து வந்ததே. 2002-இல் பூங்காவுக்குள் நுழைந்தது. போர்ட்டர்ஸ் ஓடையோரத்திலேயே வெளுத்த எலும்புக்கூடுகளாய் ஹெம்லாக் மரங்கள் நிற்பதைக் கண்டேன். வேட்டைக்கென்று 1912-இல் அயல்மலை ஒன்றில் கொணர்ந்து அடைத்த ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் தப்பிப் பெருகி, வசந்த மலர்களின் கிழங்குகளைக் கிளறித் தின்கின்றன. தீயை முற்றும் தடுத்ததும் எதிர்பாராத கேடாயிற்று. முகட்டுப் பைன் இனம் ஒன்றின் காய்கள் பெரும்பாலும் நெருப்பின் சூடு பட்டால்தான் விரியும். தீ வராத சரிவுகளில் அதன் குட்டிகளைக் காண்பது அரிதாகி, மேப்பிள் போன்றவை இடம்பிடிக்கின்றன.

இனி ஜின்செங். லாஃபித்தோ சுவாமியின் கண்டுபிடிப்புக்குப் பின் அவ்வேர் கப்பல் கப்பலாய்ச் சீனத்துக்குச் சென்றது. 1975-இல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. பூங்காவுக்குள் தோண்டுவது குற்றம். விலை மிகுதியால் திருட்டும் ஓயவில்லை. ஆதலால் காவலர்கள் வளரும் செடிகளின் வேரில் சாயம் ஏற்றி அடையாளமிடுகின்றனர். சந்தையில் பிடிபட்டால் எந்த நிலத்து வேர் என்று தெரிந்துவிடும். பறிமுதலான வேர்களுள் உயிருள்ளவற்றை மீண்டும் காட்டுக்குள் கொண்டுபோய், சரிவு பார்த்து, நிழல் பார்த்து, சருகை விலக்கி நட்டுவிடுகின்றனர். நட்ட இடத்தை வெளியே சொல்வதில்லை.